சாம்பலா, வேப்பெண்ணெயா, மருந்தா: கொல்லைக் கோழிகளின் பேன், செள்ளுக்கு எந்த வழி?

"கோழி ராத்திரி முழுக்கக் கொத்திக்கிட்டே இருக்கு, சாம்பல் தூவினா போதுமா, மருந்து வாங்கணுமா?" வீட்டுக் கொல்லையில் பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி வைத்திருப்பவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வேப்பெண்ணெய் என்பார். மருந்துக்கடைக்காரர் மாட்டு உண்ணி மருந்தை எடுத்து நீட்டுவார். யூடியூபில் ஒருவர் ஊசி போடச் சொல்வார். மூன்றும் ஏதோ ஒரு கொல்லையில் சரியான பதில்தான். உங்கள் கொல்லையில் எது சரி என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என் கணக்கு இது: மருந்தின் பேரை விட, அந்தப் பூச்சி பகலில் எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். சில பூச்சிகள் கோழி மேலேயே பிறந்து அங்கேயே சாகும். சில கூண்டு இடுக்கில் குடியிருந்துகொண்டு ராத்திரி மட்டும் கோழியிடம் சாப்பிட வரும். முதல் வகைக்குக் கூண்டைச் சுரண்டுவதும், இரண்டாம் வகைக்குக் கோழியைக் குளிப்பாட்டுவதும் பெரும்பாலும் வீண் வேலை.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில், ஆள் யார்? ராத்திரி எட்டு மணிக்கு மேல், கோழிகள் அடைந்த பிறகு ஒரு டார்ச்சும் வெள்ளைத் தாளும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு கோழியை அக்குளில் இடுக்கி, வாலைத் தூக்கி, ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகை ஊதிப் பிரியுங்கள். வெளிச்சம் பட்டதும் வைக்கோல் நிறத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளப் பூச்சிகள் ஓடினால் அது பேன். இறகின் அடித்தண்டில் சர்க்கரை கட்டிக்கொண்டாற்போல வெள்ளையாக ஒட்டியிருப்பது அதன் ஈறு, அதாவது முட்டை. அப்புறம், அந்த வெள்ளைத் தாளைக் கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கம் அழுத்தித் தேயுங்கள். தாளில் சிவப்புக் கோடு விழுந்தால் இரத்தம் குடித்த செள்ளு நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

சில ஊர்களில் எல்லாவற்றையும் பேன் என்பார்கள், சில ஊர்களில் எல்லாமே செள்ளு. இந்தக் கட்டுரையில் செள்ளு என்பது புள்ளி அளவே இருக்கும், கையில் ஏறினால் ஊறலெடுக்கும் அந்தப் பொடிப் பூச்சி. எட்டுக் காலும் உண்டு, இரத்தமும் குடிக்கும். உண்ணி அதைவிடப் பெரிது. கோழியுண்ணி தட்டையாக, தோல் போல, மர இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் பதுங்கியிருக்கும். அதன் குஞ்சுகள் இறக்கைக்கு அடியில் கருநீலப் புள்ளிகளாக நாள் கணக்கில் கடித்துக்கொண்டே கிடக்கும். கொண்டை, தாடி, கண்ணோரங்களில் அசையாமல் கொத்தாக அப்பிக் கிடக்கும் கரும்பழுப்புப் புள்ளிகள் தெள்ளு. அம்மைக் கொப்புளத்தின் பொருக்கு என்று நினைத்து இதை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். காலில் செதில் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு அப்பியது போல் தடித்திருந்தால், அது செதிலுக்கு அடியில் குடைந்து வாழும் வேறொரு செள்ளு.

பூச்சியின் முட்டையையும் சேர்த்துக் கொல்லுமா? அநேகமாக எந்த மருந்தும் ஈறை நம்பகமாகக் கொல்லாது. பேன் முட்டை நான்கு முதல் ஏழு நாளில் பொரியும். முட்டையிலிருந்து முட்டையிடும் பேனாக ஏறக்குறைய மூன்று வாரம். செள்ளுக்கு நம்மூர் வெயிலில் ஒரு வாரமே போதும். ஒரே தடவையில் முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த வழியானாலும் இரண்டாவது சுற்றையும் செலவில் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கோழி முட்டை யார் வாயில் போகிறது? வீட்டுக் குழந்தை தினமும் சாப்பிடுகிறதா, தெருவில் விற்கிறீர்களா, அடைக்கு வைக்கிறீர்களா?

கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள்? குஞ்சு, அடைக்கோழி, மெலிந்த கோழி மூவரும் பெட்டைக்கும் சேவலுக்கும் போடும் மருந்தைத் தாங்க மாட்டார்கள். வீட்டுப் பூனை, மீன் தொட்டி, பக்கத்தில் தேன்பெட்டி இருந்தால் அவையும் கணக்கில் வரும்.

உங்கள் நேரமும் பருவமும். ஐப்பசி மழையில் வேலை செய்யாத வழிகள் உண்டு. சித்திரை வெயிலில் தானாகவே பாதி வேலை முடியும் வழிகளும் உண்டு.

## ஒரு பார்வையில்

| வழி | பேனுக்கு | செள்ளு, உண்ணிக்கு | முட்டை சாப்பிடுவது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| சாம்பல், மண் குளியல் | மெதுவாக, நன்றாக | தனியாகப் போதாது | தடையில்லை | மழைக்காலம். தொடர்ந்து பார்த்துக்கொள்வது |
| வேப்பெண்ணெய், மூலிகை | ஓரளவு | ஓரளவு. கால் செதிலுக்கு நல்லது | தடையில்லை | அடை முட்டை கெடலாம். அடிக்கடி செய்ய வேண்டும் |
| தெளிக்கும், முக்கும் மருந்து | வேகம் | கூண்டுக்கும் அடித்தால் வேகம் | மருத்துவரைக் கேட்டு நிறுத்த வேண்டும் | மிச்ச மருந்து. அளவு பிசகினால் ஆபத்து |
| ஐவர்மெக்டின் (உடம்புக்குள் கொடுக்கும் புழு, பூச்சி மருந்து) | நம்ப முடியாது | கால் செதிலுக்கு நல்லது | நிறுத்த வேண்டும் | மஞ்சள் கருவில் மருந்து தங்கும் |
| கூண்டு வேலை | துணைக்கு மட்டும் | இதுதான் முதல் வேலை | தடையில்லை | உங்கள் உழைப்பு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை |

## சாம்பல், மண் குளியல்

இதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்குவதும் தவறு, இதுவே எல்லாம் என்பதும் தவறு. நுண்ணிய தூள் பூச்சியின் உடல்மேல் உள்ள மெழுகுப் பூச்சைத் தேய்த்து உறிஞ்சிவிடும். பூச்சி ஈரம் இழந்து காய்ந்து சாகும். விஷம் இல்லாததால் பூச்சி இதற்குப் பழகிவிடும் என்ற பயமும் இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், கூண்டில்லாமல் வளர்த்த கோழிகளுக்கு வெள்ளைக் களிமண் தூள், டயட்டம் மண் (பழைய நுண்பாசி ஓடுகளின் தூள்), கந்தகத்தூள் ஆகியவற்றைக் கலந்த மண் பெட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். மூன்றுமே பலன் தந்தன. கந்தகம்தான் முன்னால் நின்றது. பெட்டியில் இறங்கிக் குளிக்காத கோழிகளுக்குக்கூட அதனால் பலன் கிடைத்தது.

வீட்டளவில் செய்வது எளிது. இரண்டடி அகலத்துக்கு ஒரு பழைய டப்போ லாரி டயரோ போதும். அதில் அரை அடி உயரத்துக்குக் காய்ந்த மணலும் சலித்த விறகுச் சாம்பலும் நிரப்பி, கூரைக்கு அடியில் வையுங்கள். கேஸ் அடுப்பு வந்த பிறகு வீட்டில் சாம்பல் ஏது என்பீர்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரும் விறகடுப்பு வைத்திருக்கும் டீக்கடைக்காரரும் தினமும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பிளாஸ்டிக்கோ பெயின்ட் அடித்த பலகையோ எரித்த சாம்பல் மட்டும் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத செலவு ஈரம்தான். நனைந்த சாம்பல் காரமாகிக் கால் தோலை அரிக்கும், வேலையும் செய்யாது. டயட்டம் மண்ணும் அப்படித்தான், காய்ந்திருந்தால்தான் அதற்கு மதிப்பு. அதன் தூசி நம் நுரையீரலுக்கும் நல்லதல்ல, கொட்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். கந்தகத்தூள் கண்ணை உறுத்தும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. கோழி தானாகப் போய்க் குளித்தால்தான் இந்த வழி வேலை செய்யும். நோயில் சுருண்ட கோழி குளிக்காது. அடைக்கோழி எழுந்தே வராது. மூக்கு வெட்டிய கோழியால் இறகைக் கோதிச் சுத்தம் செய்ய முடியாது என்பதால், குளித்தாலும் அதன் மேல் பூச்சி அதிகமாகவே இருக்கும். பண்ணையிலிருந்து கழித்த கோழிகளை வாங்கி வளர்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

## வேப்பெண்ணெயும் மூலிகையும்

வேம்பு உடனே கொல்லாது. பூச்சியின் பசியையும் தோல் உரிப்பதையும் முட்டையிடுவதையும் கெடுக்கும். ஆகவே மூன்று நாளில் பலன் தெரியவில்லை என்று பாட்டிலைத் தூக்கிப் போடுபவர்கள் அதற்கு நியாயம் செய்வதில்லை. வெறும் தண்ணீரில் எண்ணெய் மிதக்கும், அதனால் கொஞ்சம் சோப்புக் கரைசலில் அடித்துக் கலந்தால்தான் தெளிக்க முடியும். பூண்டு, வேப்பிலை, வேப்பங்கொட்டை, வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை சேர்த்து அரைத்து வடிகட்டும் சாறு மாட்டு உண்ணிக்கு மரபு வைத்தியமாகப் பரவலாகப் பரிந்துரைக்கப்படுவது. அதைக் கூண்டுச் சட்டத்திலும் கம்பிலும் அடிக்கலாம்; செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை, ஆனால் வாராவாரம் அரைக்கும் பொறுமை வேண்டும்.

வேப்பெண்ணெய் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் கால் செதில். கோழியின் காலை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, துடைத்துவிட்டு எண்ணெய் பூசுங்கள். செதிலுக்கு அடியில் இருக்கும் செள்ளுக்கு மூச்சடைத்துவிடும். வாஸ்லினும் இதே வேலையைச் செய்யும். தூக்கிய செதிலைப் பிய்க்கக் கூடாது, இரத்தம் வரும். பழைய செதில் உதிர்ந்து புதிது வர மாதங்கள் ஆகும், அதுவரை மருந்து பலிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.

உடம்பு முழுக்க எண்ணெய் தடவுவதை நான் ஏற்க மாட்டேன். இறகு ஒட்டிக்கொண்டு குளிர் தாங்காமல் போகும், மார்கழியில் இது சின்ன விஷயமில்லை. அடைக்கோழிக்குத் தடவினால் இன்னும் மோசம். வயிற்று எண்ணெய் முட்டை ஓட்டில் படிந்து நுண்துளைகளை அடைத்துவிடும், உள்ளே இருக்கும் கரு மூச்சு முட்டிச் சாகும். பொரிக்காத முட்டைக்குப் பெட்டையைத் திட்டுவதில் பயனில்லை.

இயற்கை என்ற பேரில் வரும் மற்ற மூன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சீத்தாப்பழ விதைத்தூள் பேனைக் கொல்லும், கண்ணில் பட்டால் கோழிக்கும் நமக்கும் கருவிழியைப் புண்ணாக்கும். புகையிலைத் தண்ணீரில் இருக்கும் நிகோடின் தோல் வழியே ஏறும் கடும் விஷம். மண்ணெண்ணெய் தோலை வெந்து போகச் செய்யும். மூன்றும் வேண்டாம்.

## தெளிக்கும், முக்கும் மருந்துகள்

டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் போன்றவை பூச்சியின் நரம்பைத் தாக்குபவை. பேன் மொய்த்துக் கோழி கொண்டை வெளுத்து நிற்கும்போது சாம்பலுக்காகக் காத்திருக்க முடியாது, அப்போது இவைதான் கைகொடுக்கும். காலை வெயிலில், காற்றில்லாத நேரத்தில், கையுறை போட்டுக்கொண்டு இறக்கைக்கு அடியில், கழுத்துப் பின்புறம், ஆசனவாயைச் சுற்றி இறகைப் பிரித்து நனைக்க வேண்டும். வாளியில் முக்குவதானால் தலை வெளியே இருக்க வேண்டும், மாலைக்குள் இறகு காய்ந்துவிட வேண்டும். பத்து முதல் பதினான்கு நாளில் மறுபடியும். அந்த இடைவெளிக்குக் காரணம் ஈறு: முதல் சுற்றில் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரிந்திருக்கும், ஆனால் அந்தக் குஞ்சுப் பேன்கள் இன்னும் முட்டையிடத் தொடங்கியிருக்காது.

விலையைப் பார்த்தால் இது மலிவான வழி போலத் தெரியும். மூன்று விஷயங்கள் அந்த மலிவைக் கெடுக்கும்.

ஒன்று, மிச்சம். பத்துக் கோழிக்குத் தேவை சில மில்லி, வாங்குவது ஒரு பாட்டில். மீதி வருஷக்கணக்கில் அலமாரியில் கிடக்கும், லேபிள் அழிந்துபோகும், வீட்டில் குழந்தை இருக்கும். கலக்கிய தண்ணீரின் மிச்சத்தை வாய்க்காலில் ஊற்றினால் மீன் சாகும். இந்த வகை மருந்துகள் மீனுக்கும் தேனீக்கும் கடும் விஷம், பெர்மெத்ரின் பூனைக்கும் அப்படியே. இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து வாங்கி ஒரே நாளில் எல்லாருடைய கோழிக்கும் அடித்து முடித்துவிட்டால் மிச்சமும் குறையும், கோழிகள் ஒன்றுக்கொன்று பேனைப் பரிமாறிக்கொள்வதும் நிற்கும்.

இரண்டு, சதவீதம். கால்நடைக்கு வரும் டெல்டாமெத்ரின் 1.25 சதவீதம். வயலுக்கு அடிக்கும் அதே டெல்டாமெத்ரின் 2.8 சதவீதத்தில் கிடைக்கிறது. சைபர்மெத்ரின் பயிர் மருந்தாக 10 சதவீதத்திலும் 25 சதவீதத்திலும் உண்டு. "லிட்டருக்கு ரெண்டு மில்லி" என்று காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு கையில் கிடைத்த பாட்டிலில் அளந்தால், அதே இரண்டு மில்லி பல மடங்கு ஏறிவிடும். பயிர் மருந்தில் கரைப்பானும் வேறு. வயலுக்கு வாங்கியதைக் கோழி மேல் ஊற்றவே வேண்டாம். எறும்புப் பொடியும் அதே கணக்குதான். பழைய ஆட்கள் கமாக்சின் பொடி தேய்த்ததைச் சொல்வார்கள். அதில் இருந்த பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லி இந்தியாவில் 1997-லேயே தடை செய்யப்பட்டுவிட்டது.

மூன்று, முட்டை. 2017-ல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிச் செள்ளுக்கு அடித்த கலவையில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருந்தது தெரியவந்து, ஐரோப்பா முழுக்கக் கோடிக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். மூலிகை மருந்து என்று சொல்லி விற்கப்பட்ட சரக்கில் கலந்திருந்தது அது. அங்கே பரிசோதனைக் கூடம் கண்டுபிடித்தது, நம் கொல்லை முட்டையை யாரும் பரிசோதிப்பதில்லை. நாய்க்குக் கழுத்தில் விடும் உண்ணிச் சொட்டு மருந்து பலவற்றில் இருப்பதும் இதே ஃபிப்ரோனில்தான். வீட்டில் நாய் மருந்து மிச்சம் இருக்கிறதே என்று கோழிக்கு விடுபவர்கள் உண்டு. செய்யாதீர்கள்.

தெளிப்பு மருந்து வாங்கும்போது லேபிளில் கோழி என்று போட்டிருக்கிறதா, முட்டையை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுவிட்டு அடியுங்கள். கழிச்சல் தடுப்பூசிக்குப் போகும்போதே கேட்டுவிடலாம்.

## ஐவர்மெக்டின்

"ஒரு சொட்டு விட்டால் உள்புழு, வெளிப்பூச்சி எல்லாம் போச்சு" என்று இதற்குப் பெரிய பேர். இரத்தம் குடிக்கும் பூச்சிக்குத்தான் உடம்பு வழியாகப் போகும் மருந்து சரியாகச் சேரும். கோழிப்பேன் பெரும்பாலும் இறகையும் தோல் செதிளையும் கடித்துத் தின்பது, அதனால் அதற்கு இதை நம்ப முடியாது. ராத்திரி கொஞ்ச நேரம் வந்து குடித்துவிட்டு இடுக்குக்குத் திரும்பும் செள்ளுக்கும் அரைகுறைதான். காலில் குடைந்து வாழும் செள்ளு முற்றிவிட்டால், எண்ணெய்க்கு மசியாவிட்டால், மருத்துவர் இதைக் கொடுப்பதில் அர்த்தம் உண்டு.

இதன் விலை முட்டையில் இருக்கிறது. ஐவர்மெக்டின் கொழுப்பில் கரையும். ஒரு மஞ்சள் கரு, முட்டையாக வெளியே வருவதற்கு முன் கோழியின் உடம்புக்குள் ஏறக்குறைய பத்து நாள் கொழுப்புச் சேர்த்துப் பெருக்கிறது. ஆக இன்று கொடுத்த மருந்து இன்றைய முட்டையில் மட்டும் நிற்காது, வரிசையில் காத்திருக்கும் அத்தனை கருவிலும் ஏறும். எடை பார்க்காமல் மாட்டு ஊசி மருந்தைச் சொட்டுக் கணக்கில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றரைக் கிலோ பெட்டைக்கும் மூன்று கிலோ சேவலுக்கும் ஒரே சொட்டு என்பது அளவே அல்ல.

குடிதண்ணீரில் கலக்கும் ஃப்ளுராலனர் என்ற புது மருந்து ஐரோப்பாவில் 2017-ல் அனுமதி பெற்றது. ஏழு நாள் இடைவெளியில் இரண்டு தடவை கொடுத்தால் செள்ளு ஒழிகிறது, அங்கே முட்டையை ஒதுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அது ஆயிரக்கணக்கில் கோழி வைத்திருப்பவரின் கணக்குக்குச் செய்த சரக்கு, பத்துக் கோழிக்காரர் அதைத் தேடி அலைய வேண்டாம்.

## கூண்டு வேலை

யாருக்கும் பிடிக்காத வழி இது. வெள்ளைத் தாளில் சிவப்புக் கோடு விழுந்தவர்களுக்கு இதைத் தவிர்த்துவிட்டு வேறு எதுவும் பலிக்காது. கோழி மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம். மீதிப் படை கம்பு சுவரில் செருகும் இடத்திலும், மூங்கில் முடிச்சிலும், ஆணி அடித்த பலகைச் சந்திலும் சாம்பல் நிறத்தில் அப்பிக் கிடக்கிறது. கோழி இல்லாமலேயே செள்ளு பல மாதம் பட்டினி தாங்கும். கோழியுண்ணி வருஷக்கணக்கில் தாங்கும். "ரெண்டு மாசம் கூண்டைக் காலியா போட்டேன், இன்னும் இருக்கே" என்று ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை.

வெயில் நாளில் தொடங்குங்கள். கூளத்தை மொத்தமாக அள்ளி எரித்துவிட வேண்டும், குப்பைக்குழியில் போட்டால் நடந்து திரும்பி வரும். கழற்ற முடிந்த கம்பு, கூடை, பஞ்சாரம் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி வெயிலில் போடுங்கள். செங்கல், ஹாலோ பிளாக், இரும்பு வலை என்றால் ஃப்ளேம் கன் (தீச்சுடர் பீய்ச்சும் கருவி) பிடித்துச் சந்து சந்தாகக் காட்டலாம். ஓலைக் கூரைக்குப் பக்கத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். அப்புறம் நீற்றிய சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து இரண்டு பூச்சு அடியுங்கள். சுண்ணாம்பு பூச்சியைக் கொல்வதைவிட, அது ஒளியும் வெடிப்பை அடைத்துவிடுவதுதான் பெரிய லாபம். காய்ந்த பிறகே கோழியை விடலாம். ஒரு வாரம் கழித்து இதே வேலையைச் சுருக்கமாக இன்னொரு தடவை.

கூண்டை மறுபடி கட்டும்போது கம்பைச் சுவரில் செருகாமல் தனி ஸ்டாண்டாக நிறுத்துங்கள். அதன் நான்கு காலையும் பழைய எண்ணெய் ஊற்றிய தகர டப்பாவுக்குள் வைத்தால், சுவரிலிருந்து இறங்கி வரும் செள்ளு எண்ணெயில் விழும். ஸ்டாண்டோ கோழியின் வாலோ சுவரைத் தொடக் கூடாது, தொட்டால் அதுவே பாலம். கூரையில் குருவிக்கூடோ மைனாக்கூடோ பழையதாகக் கிடந்தால் எடுத்துவிடுங்கள், செள்ளு வந்த வழி பல வீடுகளில் அதுதான்.

பேன் மட்டுமே பிரச்சினை என்றால் இத்தனை பாடு வேண்டாம். பேன் கோழியை விட்டு இறங்கினால் ஒரு வாரத்துக்குள் செத்துவிடும். கூளம் மாற்றினால் போதும்.

## அடைக்கோழி: தனிக் கணக்கு

கோழி அடையிருப்பது 21 நாள். செள்ளு ஒரு தலைமுறை போட ஒரு வாரம். ஒரு அடைக்குள் மூன்று தலைமுறை. எல்லாவற்றுக்கும் நடுவில் பெட்டை நாளுக்கு ஒரு தடவை இரை எடுக்க எழுவதோடு சரி, மண் குளியலுக்கு நேரமில்லை. இருபதாம் நாள் கூடையில் கை வைத்தால் முழங்கை வரை ஊர்கிறது, பெட்டை பாதியில் எழுந்து ஓடுகிறது, பொரித்த குஞ்சு வெளுத்துப்போய் இரண்டு நாளில் சாகிறது என்பதெல்லாம் இதனால்தான்.

அடை கூடையில் கரித்துண்டும் மிளகாய் வற்றலும் இரும்பாணியும் போடுவது பல வீட்டுப் பழக்கம். ஆணி இடி மின்னலுக்குக் காப்பு என்பார்கள், செள்ளு அதைச் சட்டை செய்வதில்லை. அடைக்கோழி விஷயத்தில் எல்லா வழிகளையும் ஒப்பிட்டால், அடைக்கு முன் செய்யும் வேலைக்கு ஈடாக எதுவும் இல்லை. பழைய வைக்கோலை எரித்துவிட்டு, கூடையை வெயிலில் காயவைத்து, அடியில் சலித்த மணலும் சாம்பலும் கலந்து பரப்பி, அதன்மேல் புது வைக்கோல். உட்கார வைக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே பெட்டையைப் பேன் பார்த்துச் சரிசெய்துவிட வேண்டும்.

பாதி அடையில் செள்ளு தெரிந்தால்? மருந்து தெளிக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். இன்னொரு கூடையை இதே மாதிரி தயார் செய்து, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு முட்டையை மாற்றி, பெட்டையை அதன்மேல் உட்கார வையுங்கள். இருட்டில் மாற்றினால் பெரும்பாலான பெட்டைகள் ஏற்றுக்கொள்ளும். பழைய கூடையை அப்படியே நெருப்பில் போட்டுவிடலாம். வாரம் ஒரு தடவை மாற்றினால் குஞ்சு பொரியும்வரை சமாளிக்கலாம்.

## அப்படியானால் யாருக்கு எது

கோழி தெம்பாக இருக்கிறது, கொஞ்சம் பேன் தெரிகிறது, வீட்டில் தினமும் முட்டை சாப்பிடுகிறீர்கள்: மண் குளியல் பெட்டி மட்டும் வைத்து மூன்று வாரம் பாருங்கள். மூன்று வாரம் என்பது பேனின் ஒரு சுற்று. அதற்குள் குறையவில்லை என்றால் அடுத்த வழிக்குப் போகலாம்.

பேன் மொய்க்கிறது, முட்டை குறைந்துவிட்டது, கோழி எடை இறங்கிவிட்டது: தெளிப்பு மருந்து, இரண்டு சுற்று, எல்லாக் கோழிக்கும் ஒரே நாளில். நன்றாக இருக்கும் சேவலை விட்டுவிட்டால் அதிலிருந்து மறுபடி பரவும். எட்டு வாரத்துக்குக் கீழ் உள்ள குஞ்சுகளை முக்க வேண்டாம். அவற்றை மருத்துவரிடம் கேட்டுத் தனியாகப் பார்க்கலாம்.

கம்பில் செள்ளு: கூண்டு வேலை முதலில், மருந்து வேண்டுமென்றால் கூண்டுக்கு. கோழிக்கு அடித்துவிட்டுக் கூண்டை விட்டால் பத்தே நாளில் பழைய கதை.

கொண்டையில் தெள்ளு: இடுக்கியால் பிடுங்காதீர்கள், கண் பக்கம் மருந்தும் அடிக்காதீர்கள். கொஞ்சம் வாஸ்லினைக் கண்ணில் படாமல் கொத்தின்மேல் அப்பினால் போதும். அதன் குஞ்சுப் புழுக்கள் தரையில் வளர்பவை, அதனால் கூண்டுத் தரைக் கூளத்தையும் மாற்ற வேண்டும். நாயும் பூனையும் இதைச் சுமக்கும், அவற்றையும் பாருங்கள்.

சந்தையில் புதுக் கோழி வாங்கியிருக்கிறீர்கள்: கூட்டத்தோடு சேர்க்காமல் இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பேன் பார்த்துவிட்டுச் சேர்ப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவு. வாங்கி வந்த கூடையைக் கொல்லைக்குள் கொண்டு வராதீர்கள்.

கோழியுண்ணி இருக்கிறது, அதோடு கோழி காய்ச்சலில் சோர்ந்து பச்சையாகக் கழிகிறது, அல்லது கால் இழுக்கிறது: இது வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. இந்த உண்ணி இரத்தத்தில் கிருமியைப் பரப்பும், அதன் கடியாலேயே வாதமும் வரும். கோழியை அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். கூண்டு பழைய மரமும் மூங்கிலுமாக இருந்தால் அதைக் காப்பாற்றப் பார்க்காமல் எரித்துவிட்டு, வேறு இடத்தில் இரும்புச் சட்டமும் வலையுமாகப் புதிதாகக் கட்டுவதே கணக்கில் குறைந்த செலவு.